கிராஸி மலை வழக்கு

ஒரு சொத்தைப் பற்றிய வியாஜ்யத்தை முறைப்படி விசாரித்து, இரு தரப்புச் சாட்சிகளையும் கேட்டு, நியாயஸ்தலம் தீர்ப்புக் கூறிவிட்டது. அப்பீலும் போயிற்று. அதன் பிறகு, தோற்ற கட்சிக்காரர் தம் பெயரை மாற்றிக்கொண்டு, அதே சொத்தின்மேல் அதே கோரிக்கையுடன் மறுபடியும் வாசலில் வந்து நிற்கிறார். அவரை நோக்கி முதலில் கேட்கவேண்டியது ஒன்றே: “முன்பு இல்லாத எந்தப் புதிய சாட்சியத்தைக் கொண்டுவந்திருக்கிறீர்?” கானடா தேசத்தின் ஆல்பெர்ட்டா மாகாணத்திலுள்ள கிராஸி மலையின் விஷயத்தில் எழுந்திருப்பது இந்தக் கேள்விதான். இதற்கு நேரான விடை கிடைக்கவில்லை என்பதே நம் அபிப்பிராயம்.

விவரம் வருமாறு. ராக்கி மலைத்தொடரின் கிழக்குச் சரிவில் குரோஸ்நெஸ்ட் கணவாய் என்றொரு பிரதேசம் இருக்கிறது. அங்குள்ள பிளேர்மோர் ஊருக்கு வடக்கே சுமார் 7 கிலோமீட்டர் தூரத்தில் நிற்பது கிராஸி மலை. இந்த மலையைத் திறந்தவெளியில் வெட்டி, எஃகு உருக்குவதற்கு வேண்டிய நிலக்கரியை ஆண்டொன்றுக்கு 45 லட்சம் டன் வரையில், ஏறக்குறைய 23 ஆண்டுகளுக்கு எடுத்துக் கப்பலேற்ற வேண்டுமென்பது பெங்கா மைனிங் என்னும் கம்பெனியின் திட்டம். ஆஸ்திரேலிய நிறுவனமான ஹான்காக் பிராஸ்பெக்டிங் 2019-ல் இதைத் தன் வசமாக்கிக்கொண்டது. சுரங்கமும் அதைச் சேர்ந்த வேலைகளும் சுமார் 1,500 ஹெக்டேர் நிலத்தைக் கவரும்.

கானடா சர்க்காரும் மாகாண சர்க்காரும் சேர்ந்து நியமித்த கூட்டு விசாரணைக் குழு, 2020-ஆம் ஆண்டின் இறுதியில் வாரக்கணக்கில் சாட்சிகளை விசாரித்தது. 2021 ஜூன் மாதம் 600 பக்கங்களுக்கு மேற்பட்ட அறிக்கையொன்றை வெளியிட்டது. இந்தச் சுரங்கம் பொது நலனுக்கு உகந்ததன்று என்பதே அதன் முடிவு. நீரின் தன்மைக்கும், அந்த நீரில் வாழும் அருமையான டிரவுட் மீன் இனத்திற்கும் பெருந்தீங்கு விளையுமென்றும், அத்தீங்குக்கு எதிரே நிறுத்தப்படும் பொருளாதார லாபம் குறைந்தது முதல் நடுத்தரமானது வரையில்தான் இருக்குமென்றும் குழு கண்டது. அதே ஆண்டு ஆகஸ்டில் மத்திய மந்திரியும் திட்டத்தை நிராகரித்தார். 2022-ல் மாகாண அப்பீல் கோர்ட்டும், பின்னர் கானடாவின் சுப்ரீம் கோர்ட்டும் அப்பீலுக்கு அனுமதி தர மறுத்துவிட்டன. வழக்கு முடிந்தது என்றே ஜனங்கள் எண்ணினார்கள்.

முடியவில்லை. பெங்கா கம்பெனி நார்த்பேக் ஹோல்டிங்ஸ் என்று பெயர் மாற்றிக்கொண்டு, மலையில் சோதனைத் துளைகள் போட மனுச் செய்தது. 2022-ல் பிறப்பிக்கப்பட்ட மாகாண உத்தரவொன்று, முன்னேறிய நிலையிலுள்ள திட்டங்களைத் தவிர மற்றவற்றிற்கு மலைச் சரிவில் இடமில்லை என்று கூறியிருந்தது. மறுக்கப்பட்டுப்போன இந்தத் திட்டமும் “முன்னேறிய நிலையிலுள்ள” ஒன்றே என்று 2023-ன் இறுதியில் மாகாண எரிசக்தி மந்திரி வாரியத்துக்குக் கடிதம் எழுதினார்! 2025 ஜனவரியில் அந்தத் தடை உத்தரவே விலக்கப்பட்டது. மே மாதத்தில் ஆல்பெர்ட்டா எரிசக்தி ஒழுங்குமுறை வாரியம் சோதனைத் துளைகளுக்கு அனுமதி வழங்கியது. சோதனைத் துளை சுரங்கமன்று என்பது வாஸ்தவமே. சுரங்கத்திற்கு வேறு அனுமதிகள் வேண்டும் என்பதும் உண்மையே. ஆனால் எவரும் பொழுதுபோக்குக்காக மலையில் துளை போடுவதில்லை.

ஒரு மலையோடையின் மீனுக்காக ஒரு பெருந்தொழிலைத் தடுக்கலாமா என்று சிலர் கேட்கிறார்கள். இது இகழத்தக்க கேள்வியன்று. தொழிலில்லாத ஊரில் வாழ்வது எவ்வளவு கடினம் என்பதை அறிந்தவர்கள்தாம் இப்படிக் கேட்கிறார்கள். ஆகையால் விஷயத்தை அடியிலிருந்து ஆராய்வோம்.

கிராஸி மலையின் இரு புறங்களிலும் இரண்டு ஓடைகள் இறங்குகின்றன. கிழக்கே கோல்ட் ஓடை. மேற்கே பிளேர்மோர் ஓடை. இரண்டும் குரோஸ்நெஸ்ட் நதியில் கலக்கின்றன. அந்நதி ஓல்ட்மேன் நதியைச் சேர்கிறது. ஓல்ட்மேன் நதியே தென் ஆல்பெர்ட்டாவின் வயல்களுக்குப் பாசனமும், சுமார் 1 லட்சம் ஜனங்கள் வாழும் லெத்பிரிட்ஜ் நகருக்குக் குடிநீரும் தருகிறது. அந்த நதிப் படுகையில் இருக்கும் நீரெல்லாம் ஏற்கெனவே பங்கிடப்பட்டுவிட்டபடியால், புதிதாக நீர் எடுக்கும் உரிமைக்கு மனுக்கள் வாங்குவது 2006 முதல் நிறுத்தப்பட்டிருக்கிறது. 2023, 2024-ஆம் ஆண்டுகளின் வறட்சியில் ஓல்ட்மேன் அணையின் அடிமண் தெரிந்ததை அங்குள்ள விவசாயிகள் மறந்திருக்க மாட்டார்கள். எனவே, மலையில் இரண்டு சிற்றோடைகளுக்கு நேர்வது மலையோடு நின்றுவிடுவதில்லை.

அந்த ஓடைகளில் வாழ்வது வெஸ்ட்ஸ்லோப் கட்த்ரோட் டிரவுட் என்னும் மீன். தாடையின் கீழே கத்தியால் கீறினாற்போன்ற செந்நிறக் கோடு இருப்பதால் இப்பெயர் வந்தது. ஒரு காலத்தில் இந்தப் பிரதேசத்து நதிகளிலெல்லாம் இது நிறைந்திருந்தது. மிதமிஞ்சிய மீன்பிடிப்பாலும், கரைகள் கெட்டதாலும், விளையாட்டுக்காகக் கொண்டுவந்து விடப்பட்ட ரெயின்போ டிரவுட் மீனோடு கலந்து இனம் மாறியதாலும், கலப்பற்ற கூட்டங்கள் இன்று மலையுச்சியை அடுத்த சில ஓடைகளில் மட்டுமே எஞ்சியிருக்கின்றன. 2013-ல் ஆல்பெர்ட்டாவிலுள்ள இவ்வினத்தை அழியும் ஆபத்துக்கு உள்ளான ஒன்றாகக் கானடா சர்க்கார் சட்டப்படி அறிவித்தது. கோல்ட் ஓடையும் பிளேர்மோர் ஓடையும் எஞ்சியுள்ள அச்சில ஓடைகளைச் சேர்ந்தவை.

இம்மீனுக்கு வேண்டியவை குளிர்ந்த தெளிந்த நீரும் மண் படியாத கூழாங்கற் படுகையுமே. பனி உருகி வெள்ளம் வடியும் காலத்தில், பெண் மீன் வாலால் கூழாங்கற்களை விலக்கிக் குழி செய்து முட்டையிடுகிறது. கற்களின் இடையே ஓடும் நீர்தான் முட்டைகளுக்கு மூச்சுக் கொடுக்கிறது. வண்டல் படிந்தால் முட்டை மூச்சடைத்துப் போகும். குளிர்காலத்தில் நீர் வற்றினால், மீன்கள் ஒதுங்கியிருக்கும் மடுக்கள் உறைந்துவிடும். மலையை வெட்டினால் ஊற்றுகளின் போக்கு மாறும். ஓடையின் நீர் குறையும். தூசியும் சேறும் சேரும். இவை எளிதில் விளங்கும் தீங்குகள். ஆனால் விசாரணைக் குழுவின் கவலைக்கு முக்கிய காரணம் கண்ணுக்குத் தெரியாத வேறொன்று. அதன் பெயர் செலினியம்.

நிலக்கரி மலைக்குள் தனியாகக் கிடப்பதில்லை; பாறை அடுக்குகளின் நடுவே கிடக்கிறது. ஒரு டன் கரியை எடுக்கப் பல மடங்கு பாறையை வெடிவைத்து உடைத்து ஒதுக்க வேண்டும். லட்சக்கணக்கான ஆண்டுகளாகக் காற்றும் நீரும் படாமல் கிடந்த பாறை, உடைந்த கல்லாகிக் குவிகிறது. மழையும் பனிநீரும் அதனூடே வடிகின்றன. பாறையிலிருந்த செலினியம் கரைந்து ஓடைக்கு வருகிறது. இது ஒரு மூலப்பொருள். அற்ப அளவில் உயிர்களுக்கு அவசியமானதும்கூட. அளவு மிஞ்சினால் நஞ்சு. மருந்துக்கும் நஞ்சுக்கும் நடுவே இதில் உள்ள இடைவெளி மிகக் குறுகியது. நீரில் வாழும் உயிர்களின் நலனுக்காகக் கானடாவில் வகுத்துள்ள அளவு, ஒரு லிட்டர் நீரில் 1 மைக்ரோகிராம். அதாவது ஒரு கிராமின் 10 லட்சத்தில் ஒரு பங்கு.

இவ்வளவு சொற்பமான பொருள் எவ்வாறு கேடு செய்கிறது? நீரிலுள்ள பாசி செலினியத்தை ஈர்த்துத் தன்னுள் பன்மடங்காகச் சேர்க்கிறது. பாசியைப் பூச்சிகள் தின்கின்றன. பூச்சிகளை மீன் தின்கிறது. தாய்மீனின் உடலில் சேர்ந்தது முட்டைக்குப் போகிறது. அங்கேதான் அது தன் வேலையைச் செய்கிறது. முட்டையிலிருந்து வரும் குஞ்சின் முதுகெலும்பு வளைந்திருக்கும், தலை குறுகியிருக்கும், செவுள்மூடி இராது. பெரும்பாலானவை சில நாட்களில் மடியும். தாய்மீனோ பார்வைக்கு ஆரோக்கியமாகவே நீந்திக்கொண்டிருக்கும். செத்த மீன்கள் கரையில் ஒதுங்கினால் ஊரார் கூக்குரலிடுவார்கள், அதிகாரிகள் ஓடிவருவார்கள். இங்கோ பிணமே இல்லை. பிறக்காமற் போனதற்குச் சாட்சி ஏது? ஓடை சில ஆண்டுகளில் காலியான பிறகுதான் குற்றம் நடந்ததே தெரியவரும்.

இதைக் கற்பனை என்று தள்ள இயலாது. அமெரிக்காவின் வட கரோலினாவில் பெலூஸ் ஏரியில், 1970-களில் அனல் மின்நிலையம் ஒன்றின் நிலக்கரிச் சாம்பல் நீர் கலந்தது. சில ஆண்டுகளுக்குள் அந்த ஏரியிலிருந்த 20 மீன் இனங்களில் 19 ஒழிந்துபோயின. செலினியம் என்னும் பெயரை மீன் நிபுணர்கள் அச்சத்தோடு உச்சரிக்கத் தொடங்கியது அதன் பிறகே.

அவ்வளவு தூரம் போகவும் வேண்டாம். குரோஸ்நெஸ்ட் கணவாயின் மேற்கே, மாகாண எல்லைக்கு அப்பால், பிரிட்டிஷ் கொலம்பியாவைச் சேர்ந்த எல்க் பள்ளத்தாக்கு இருக்கிறது. அங்கே பல பத்தாண்டுகளாகத் திறந்தவெளி நிலக்கரிச் சுரங்கங்கள் நடக்கின்றன. அவற்றை நடத்திய டெக் கம்பெனியின்மேல், ஃபோர்டிங் நதியின் மேற்பகுதியை 2012-ல் மாசுபடுத்தியதாக வழக்குத் தொடரப்பட்டது. கம்பெனி குற்றத்தை ஒப்புக்கொண்டது. 2021 மார்ச்சில் அது கட்டிய தொகை 6 கோடி டாலர்; கானடாவின் மீன்வளச் சட்டத்தின் கீழ் அதுவரை விதிக்கப்பட்டவற்றில் இதுவே பெரியது. ஸ்பார்வுட் ஊரில் குடிநீர்க் கிணறு ஒன்றை மூட நேர்ந்தது. பாறைக் குவியலிலிருந்து வரும் சுண்ணாம்புச் சத்து ஓடைகளின் கூழாங்கற்களைக் காரை பூசினாற்போல் இறுக்கி, மீன் முட்டையிட இடமில்லாமற் செய்தது. செலினியம் நதியோடு ஓடி, கூகனூசா நீர்த்தேக்கத்தின் வழியாக அமெரிக்க எல்லையையும் கடந்தது. 2024-ல் இந்த விவகாரம் இரு தேசங்களுக்கும் பொதுவான சர்வதேசக் கூட்டுக் கமிஷனிடம் போயிற்று.

ஃபோர்டிங் நதியின் மேற்பகுதியில், வளர்ந்த கட்த்ரோட் டிரவுட் மீன்களின் தொகை 2017-க்கும் 2019-க்கும் இடையே 100-க்கு 93 வீதம் குறைந்ததாகக் கம்பெனியின் கணக்கே கூறிற்று. நியாயமாகப் பேசவேண்டுமாகையால் இன்னொன்றையும் சொல்லவேண்டும். இந்த வீழ்ச்சிக்குக் கடுங்குளிரும், குறைந்த நீரோட்டமும், பனிக்கட்டியுமே முக்கிய காரணங்கள் என்பது கம்பெனி நடத்திய ஆராய்ச்சியின் முடிவு. இருக்கலாம். ஆனால் கடுங்குளிர் அந்த மலைகளுக்குப் புதிதன்று. ஆயிரமாயிரம் ஆண்டுகளாக அதைத் தாங்கி வாழ்ந்த மீன் அது. பாதி ஒதுங்கிடங்களை இழந்து நிற்பவனுக்கு வழக்கமான புயலே பிரளயமாகிறது. கோல்ட் ஓடையின் சிறு கூட்டத்திற்கு அப்படி ஒரு குளிர்காலம் வந்தால் மீதி என்ன இருக்கும்?

நிற்க. கம்பெனியின் சமாதானத்தையும் கேட்போம். முன்போல் கல்லை வெறுமனே குவிக்கப்போவதில்லை. வெட்டி முடித்த குழிகளில் கல்லை நிரப்பி, நீரால் நனைத்து, காற்றுப் புகாமல் அடைத்து, அங்கே நுண்ணுயிர்களைக் கொண்டு செலினியத்தைக் கரையாத பொருளாக மாற்றிவிடுவோம் என்கிறார்கள். இம்முறை வெறும் கனவன்று. எல்க் பள்ளத்தாக்கில் 2018 முதல் கையாளப்பட்டுப் பலனும் தந்திருக்கிறது. ஆனால் ஓரிடத்தில் பலித்தது மற்றோரிடத்தில் அதே அளவில் பலிக்கும் என்பதற்குச் சாட்சியம் வேண்டும். அசுத்த நீர் அநேகமாக முழுவதையும் பிடித்துவிடுவோம், செலினியத்தை அநேகமாக முழுவதையும் நீக்கிவிடுவோம் என்று கம்பெனி கூறியதை விசாரணைக் குழு பரிசீலித்தது. அந்த நம்பிக்கைக்குத் தக்க ஆதாரமில்லை என்றே கூறிவிட்டது.

இதற்கு முன் செய்த ஏற்பாடுகளின் அநுபவமும் எச்சரிக்கையாகவே இருக்கிறது. எல்க் பள்ளத்தாக்கில் நிறுவிய முதற் சுத்திகரிப்பு நிலையம், நீரிலிருந்த செலினியத்தின் மொத்த அளவைக் குறைத்தது மெய். ஆனால் எஞ்சியதோ, உயிர்கள் இன்னும் எளிதாக ஈர்த்துக்கொள்ளும் வடிவத்தில் வெளிவந்தது! நிலையத்தை நிறுத்தித் திருத்தவேண்டியதாயிற்று. நீரைச் சுத்தம் செய்யும் முயற்சிகளுக்கு டெக் கம்பெனி செலவிட்ட தொகை 100 கோடி டாலருக்கு மேற்பட்டது. அது பெரிய கம்பெனி. பல சுரங்கங்களின் லாபத்தைக் கொண்டு செலவைத் தாங்கியது. ஒரே மலையை நம்பி வரும் ஒரு கம்பெனி, கரி விலை வீழ்ந்த காலத்தில் இதைத் தாங்குமா? கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் செய்ய எத்தனை பேர் முன்வருவார்கள்?

சுரங்கம் மூடப்பட்டால் தொல்லையும் தீர்ந்துவிடுமல்லவா என்று கேட்கலாம். இதற்கு விடை கணவாயிலேயே இருக்கிறது. மாகாண எல்லையை ஒட்டிய டென்ட் மலையில் 1948-ல் தொடங்கிய சுரங்கம் 1983-ல் மூடப்பட்டது. அதற்கு நாற்பது ஆண்டுகள் கழிந்த பின், ஆல்பெர்ட்டா சர்க்காரின் சொந்த விஞ்ஞானிகளே அதன் கீழேயுள்ள குரோஸ்நெஸ்ட் ஏரியைச் சோதித்தார்கள். மீன்களின் உடலில் செலினியம் பாதுகாப்பான அளவைக் கடந்திருப்பதைக் கண்டார்கள். 35 ஆண்டு தோண்டியதற்கு 40 ஆண்டுகளுக்குப் பிறகும் ஏரி வட்டி கட்டிக்கொண்டிருக்கிறது. முதல் இன்னும் தீரவில்லை. அந்தச் சுரங்கத்தின் கூலியும் லாபமும் எப்போதோ செலவாகிவிட்டன. 23 ஆண்டுத் திட்டத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள், இந்த ஏரிக்கரையில் ஒரு நாள் நின்றுவிட்டுப் பேசுவது நலம்.

இனி ஜனங்களின் கட்சி. 2024 நவம்பரில் குரோஸ்நெஸ்ட் கணவாய் முனிசிபாலிட்டி வாக்கெடுப்பு நடத்தியது. வாக்களித்தவர்களில் 100-க்கு 70-க்கு மேற்பட்டோர் சுரங்கம் வேண்டும் என்றனர். இதை நாம் அலட்சியம் செய்யவில்லை. அந்த ஊர்கள் கரியால் பிறந்தவை. கரிக்காக இரத்தம் சிந்தியவை. 1903-ல் டர்ட்டில் மலை இடிந்து ஃபிராங்க் ஊரின் ஒரு பகுதியை ஒன்றரை நிமிஷத்தில் புதைத்தது. 1914-ல் ஹில்கிரெஸ்ட் சுரங்கம் வெடித்து 189 தொழிலாளிகள் மாண்டார்கள். கானடாவின் சுரங்க விபத்துகளில் அதைவிடக் கொடியது இல்லை. பாட்டனும் தந்தையும் உழைத்த தொழில் திரும்பி வருமென்று ஆசைப்படும் மனிதரை மூடர் என்பவர் தாமே மூடர். சுரங்கம் வந்தால் சுமார் 400 பேருக்கு நிரந்தர வேலை கிடைக்கும் என்கிறார்கள். 6,000-க்கும் குறைந்த ஜனத்தொகையுள்ள இடத்தில் அது சிறிய விஷயமன்று.

ஆனால் வாக்களித்தவர் யார், அளிக்காதவர் யார் என்பதையும் பார்க்கவேண்டும். கிராஸி மலை குரோஸ்நெஸ்ட் முனிசிபாலிட்டியின் எல்லைக்குள் இல்லை! அது பக்கத்திலுள்ள ரான்ச்லாண்ட் ஜில்லாவைச் சேர்ந்தது. மாடு மேய்த்து வாழும் சொற்பக் குடும்பங்களைக் கொண்ட அந்த ஜில்லா, சுரங்கத்தை ஆரம்பத்திலிருந்தே எதிர்த்து வருகிறது. அதற்கு இந்த வாக்கெடுப்பில் இடமில்லை. கீழே ஓல்ட்மேன் நதியின் நீரைப் பாய்ச்சும் விவசாயிகளுக்கும் இடமில்லை. லெத்பிரிட்ஜ் நகரத்தாருக்கும் இல்லை. பூர்வகுடிகளிலும் ஒரே அபிப்பிராயம் கிடையாது; சிலர் வேலைக்காகவும் வருமானத்திற்காகவும் ஆதரிக்கிறார்கள், சிலர் தங்கள் மூதாதையரின் மலையென்று எதிர்க்கிறார்கள். லாபத்தில் பங்குள்ளவர்கள் வாக்களித்து, நஷ்டத்தில் பங்குள்ளவர்கள் பார்த்துக்கொண்டிருந்த ஒரு வாக்கெடுப்பை முடிவான ஜனத் தீர்ப்பாக ஏற்க முடியாது. ஆற்றின் மேற்கரையிலுள்ள ஊர் தனக்கு மட்டும் வாக்கெடுத்துக்கொண்டு ஆற்றை விற்க முற்பட்டால், கடைமடைக்காரன் எங்கே போய் முறையிடுவான்?

கம்பெனியும் அதன் நண்பர்களும் கூறும் மற்றொரு வாதம் உண்டு. கிராஸி மலை கன்னிநிலமன்று. முன்பே தோண்டி, அறுபது ஆண்டுகளுக்கு முன் சீராக்காமல் கைவிடப்பட்ட இடம். புதிய சுரங்கம் வந்தால்தான் பழைய காயம் ஆறும் என்பது அது. பழைய காயம் உண்மை. ஆனால் அந்தக் காயத்தைச் செய்தவர்கள் அதை ஆற்றாமலே போனார்கள் என்பதல்லவா அதிலிருந்து நாம் கற்கும் பாடம்? ஒருமுறை ஏமாந்த சாகுபடிக்காரனிடம், முந்தின குத்தகைதாரன் நிலத்தைக் கெடுத்தான், ஆகையால் எனக்கு இன்னும் ஆழமாகத் தோண்டக் குத்தகை கொடு என்று கேட்பதற்கு இது ஒப்பாகும். பழைய புண்ணை ஆற்றுவது சர்க்காரின் கடமை. அதைப் புதிய சுரங்கத்திற்குக் கூலியாக வைக்கலாகாது.

மாகாண சர்க்காரின் நடத்தை இந்த விவகாரத்தில் தடுமாற்றமாகவே இருந்து வந்திருக்கிறது. மலைச் சரிவுகளில் கரி எடுப்பதற்கு எல்லை வகுத்த கொள்கை, பிரதம மந்திரி பீட்டர் லாகீட் காலத்தில் 1976-ல் ஏற்பட்டது. 44 ஆண்டுகள் நிலைத்த அக்கொள்கையை 2020-ல் ஜனங்களைக் கலந்துகொள்ளாமலே ரத்து செய்தார்கள். பண்ணைக்காரர்களும், மீன்பிடிப்பவர்களும், பாடகர்களும், நகரத்தாரும் கட்சி பேதமின்றிக் கொதித்தெழவே, 2021 பிப்ரவரியில் மறுபடியும் உயிர் கொடுத்தார்கள். 2022-ல் தடை, 2025-ல் தடை நீக்கம். இந்த ஊசலாட்டத்தை நம்பிப் பணம் போட்ட கம்பெனிகள் நஷ்டஈடு கேட்டுக் கோர்ட்டுக்குப் போயின. 2025-ல் சிலவற்றுடன் பெருந்தொகை கொடுத்துச் சமரசம் செய்துகொள்ளவும் நேர்ந்தது. இனித் திறந்தவெளிச் சுரங்கங்களுக்கு இடுகுன்றுப் பிரதேசங்களில் இடமில்லை, செலினியத்தைத் தடுக்காத திட்டங்களுக்கு அனுமதியில்லை என்று 2024 டிசம்பரில் சர்க்கார் அறிவித்தது. நல்லது. ஆனால் “முன்னேறிய” திட்டங்களுக்கு விலக்கு என்று அதிலேயே கதவைத் திறந்துவைத்தது. விதியை எழுதும்போதே விலக்குப் பெற்றவனுக்காகத்தான் விதி எழுதப்பட்டதோ என்று ஜனங்கள் சந்தேகிப்பார்களானால், குற்றம் ஜனங்களுடையதன்று.

எங்கோ கானடாவிலுள்ள ஓடையைப் பற்றி நாம் ஏன் இவ்வளவு எழுதவேண்டும் என்று நேயர்கள் வினவலாம். அந்த மலையின் கரி கானடாவில் எரிவதற்கன்று. ஆசியாவின் எஃகு உலைகளுக்குப் போவதற்கே. இந்தியாவும் தன் எஃகுத் தொழிலுக்கு வேண்டிய கோக்கிங் கரியில் பெரும்பகுதியை வெளிநாடுகளிலிருந்தே தருவிக்கிறது. நம் பாலங்களிலும் தண்டவாளங்களிலும் எந்த மலையின் துண்டு இருக்கிறதென்பது நமக்குத் தெரியாது. எஃகு வேண்டாமென்று நாம் சொல்லவில்லை. வாங்குகிற பொருளின் விலையில், தூரத்து ஓடையொன்றின் உயிர் சேராமல் விடப்பட்டிருக்கிறது என்பதை அறிந்தாவது இருக்கவேண்டும். கணக்கில் ஏறாத செலவை யாரோ ஒருவர் கொடுத்தே தீரவேண்டும். பெரும்பாலும் அவர் ஏழையாகவும், இன்னும் பிறவாதவராகவும் இருப்பார்.

சட்டத்தில் மைனர் சொத்து என்று ஒன்றுண்டு. கார்டியன் அதன் வருமானத்தைக் கொண்டு குடும்பத்தை நடத்தலாம். அத்தியாவசியமும் கோர்ட்டின் அனுமதியும் இல்லாமல் சொத்தையே அழிக்கலாகாது. மைனருக்குத் தன் நியாயத்தை எடுத்துச்சொல்ல வாயில்லை. அதனால்தான் சட்டம் அவனுக்காக இவ்வளவு எச்சரிக்கை காட்டுகிறது. மலையோடை அப்படிப்பட்ட சொத்து. மீனுக்கு வாயில்லை, ஐம்பது ஆண்டு கழித்து அந்த நீரைக் குடிக்கப் போகிறவனுக்கும் இன்று வாக்கில்லை. இவர்களின் சார்பில் 2021-ல் ஒரு குழு பொறுமையாக விசாரித்துத் தீர்ப்பளித்தது. அதன் பிறகு பாறை மாறவில்லை; செலினியத்தின் குணம் மாறவில்லை; மீன்களும் பெருகிவிடவில்லை. மாறியவை கம்பெனியின் பெயரும் மந்திரிகளின் மனமும்தாம்.

ஆகவே, ஆல்பெர்ட்டா சர்க்காருக்கும் கானடா சர்க்காருக்கும் நாம் கூறுவது இதுவே. சுரங்க மனு மறுபடியும் வருமானால், 2021-ல் நடந்ததற்கு ஓர் அணுவளவும் குறையாத பகிரங்க விசாரணை நடக்கவேண்டும். நிரூபிக்கும் பாரம் மலையை உடைக்க வருபவர்மேல் இருக்கவேண்டும். ஓடையைக் காக்க நிற்பவர்மேல் அன்று. நீரில் மட்டுமின்றி மீனின் முட்டையிலும் செலினியத்தை அளக்கும் நிபந்தனை வேண்டும். சுரங்கம் மூடிய பிறகு பல தலைமுறைக்கு நீரைச் சுத்தம் செய்யும் முழுச் செலவையும், முதற் கல்லை உடைக்குமுன் ரொக்க ஜாமீனாகக் கட்டச் சொல்லவேண்டும். லாபம் நிச்சயம் என்பவர்களுக்கு இதில் என்ன தயக்கம்? கீழ்நதிக்காரர்களின் குரல் மேல்நதிக்காரர்களின் குரலுக்குச் சமமாக ஏறவேண்டும். கணவாயின் தொழிலாளிகளுக்கு, 23 ஆண்டில் தீர்ந்துபோகாத வேலைக்கு வழி தேடுவதும் அந்தச் சர்க்கார்களின் பொறுப்பே. இவற்றையெல்லாம் செய்த பிறகும் சுரங்கம் நியாயமென்று நிரூபணமானால் அப்போது பேசலாம். இன்று கையிலிருக்கும் சாட்சியத்தின்மேல், தீர்ப்பு முன்பு அளிக்கப்பட்டதுதான். அதை மாற்றுவதற்கு ஒரு காரணமும் காட்டப்படவில்லை.